உறுமிக்கு நேர் முன்னால்

புருசன் இருந்தவரை ஜக்கம்மாள் அகரம் திருவிழாவில் உறுமிமேளம் பார்த்ததில்லை. "பொம்பளைக்கு என்னடி மேளம்?" என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு, நல்லுசாமி மட்டும் போய் மேளக்காரர்களுக்கு நேர் எதிரே நிற்பார். மாசியில் அவர் செத்துப்போனார். ஐப்பசியில், கொழுந்தன் தடுத்தும் கேளாமல், ஜக்கம்மாள் தன்னந்தனியாகப் பஸ் ஏறினாள்.

கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். "ஒண்ணு போதும்" என்று மற்றதைத் திருப்பிக் கொடுத்தாள். அகரத்தில் சோடாக்காரர் கேட்காமலே இரண்டு பாட்டில் உடைத்தார். அவள் ஒன்றை மட்டும் குடித்தாள்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்ற பெண்களைத் தாண்டி, உறுமிக்கு நேர் முன்னால் போய் நின்றாள். வளைந்த குச்சி தோலில் இழைந்ததும் அவள் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

மேளக்காரர் சட்டென்று நிறுத்தினார். "ஆத்தா, ரெண்டு பேரும் செத்த தள்ளி நில்லுங்க. குச்சி பட்டுரும்."

ஜக்கம்மாள் பக்கவாட்டில் திரும்பவேயில்லை.

"அவரு வேணும்னா வீட்டுக்குப் போகட்டும். நான் நகர மாட்டேன். நீ அடி, அப்பு."

பின்னால் நின்ற கூட்டம், யாருக்கோ வழி விடுவதுபோல் விலகி, மறுபடி மூடிக்கொண்டது. மேளக்காரர் தலையாட்டினார். உறுமி குமுறத் தொடங்கியது.