துரு இல்லாத பன்னிரண்டு தூண்கள்

"யாரை ஏமாத்தப் பார்க்கிறீங்க மாஸ்டர்? இதுவா பழைய இரும்பு?"

லாரியில் பன்னிரண்டு தூண்களும் சிவப்பு பிரைமர் பூசிக்கொண்டு பளபளவென்று கிடந்தன. ஜிஃபாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

கானாவின் தேமா துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் அந்த ஏழு மாடி அலுவலகம் அவள் வரைந்தது. முழுக்க முழுக்கப் பழைய இரும்பு. பாக்கி இருந்தது வாசல் மண்டபம் மட்டும்தான். உள்ளே நுழைகிறவன் கண்ணில் முதலில் பழைய தூண்தான் பட வேண்டும், அதுவும் பழசாகவே தெரிய வேண்டும் என்பது அவள் ஆசை.

மாஸ்டர் ஃபுசேனிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபது வருடமாகப் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருக்கிறவர். சுத்தமாக இருக்கிறது என்று யாரும் அவரிடம் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை.

"பழசேதான் மேடம். துறைமுகத்துல பிரிச்ச கிரேன். மூணு வாரம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சோம். என் சம்சாரம்கூட உட்கார்ந்து தேய்ச்சா."

"தேய்க்கச் சொல்லி யார் கேட்டா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க! எட்டாம் நாள் பேர் வைக்கப் பிள்ளையை வெளியே கொண்டாரும்போது குளிப்பாட்டாமயா கொண்டாருவோம்? இவ்வளவு பெரிய ஆபீஸுக்குப் போற இரும்பை அழுக்கோட அனுப்பினா என்னைத்தானே கேவலமாப் பேசுவாங்க?"

"கதை விடாதீங்க. கிரேன் நம்பர் எங்கே? ஒரு தழும்பாவது இருக்கா?"

"அதையெல்லாம் அடைச்சு, தேய்ச்சு..." அவர் குரல் இறங்கிவிட்டது. பாவம், தான் பார்த்த நல்ல வேலையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அந்த மனுஷன் கனவா கண்டார்?

"கடையில வாங்கின புது இரும்பை என் தலையில கட்டப் பார்த்தீங்க. லாரியைத் திருப்புங்க!"

அத்தனை வேலையாட்கள் முன்னாலும் சொன்னாள். ஃபுசேனி லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள், அலுவலகத்தைக் கட்டுகிற கம்பெனியின் சேர்மன் குவார்ஷி போனில் குதித்தார். "திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி குடுத்துட்டாரும்மா. தூண் எங்கே?"

அந்த நீளத்தில் பழைய இரும்பு ஊரில் வேறு யாரிடமும் இல்லை. ஜிஃபா ஃபுசேனியையே கூப்பிட்டாள்.

"கடைசியா ஒரு சான்ஸ் தர்றேன் மாஸ்டர். அடுத்த வெள்ளிக்குள்ள நிஜமான பழைய தூண் வரணும். துருவோட வரணும். இல்லேன்னா தேமாவுல இருக்கிற ஒவ்வொரு இன்ஜினியர்கிட்டயும் சொல்லுவேன், நீங்க ஏமாத்துக்காரர்னு."

"வரும் மேடம்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் லாரி வந்தது. பன்னிரண்டு தூண்கள். அடி முதல் நுனி வரை திட்டுத் திட்டாகத் துரு. ஜிஃபா தடவிப் பார்த்தாள், விரலெல்லாம் ஒட்டியது.

"இப்படித்தான் இருக்கணும்! முதல்லயே இதைக் கொண்டுவர என்ன கேடு?"

ஃபுசேனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குட்டு வெளிப்பட்ட வெட்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விழா அமர்க்களப்பட்டது. அமைச்சர் ஒரு தூணைத் தட்டிக்கொடுத்து, "நாப்பது வருஷக் கடல்காத்து இதுல இருக்கு!" என்றார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. வாசலில் பித்தளைப் பலகை. அதில் ஜிஃபாவின் பெயர், அதற்குக் கீழே ஃபுசேனியின் பெயர். கண்டபடி பேசியதற்குப் பிராயச்சித்தமாக அவளே போடச் சொன்னது. அதைப் பார்க்கத்தான் அவர் வரவில்லை.

மறுநாள் காலை, பலகையைப் படம் எடுத்துக்கொண்டு கிடங்குக்கே போனாள். ஃபுசேனி இலையில் பயறு போட்டு வேகவைத்த வாச்சே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார். இலையை மடித்துவிட்டார்.

"என் பேரை எடுத்துடுங்க மேடம்."

"ஏன் மாஸ்டர், இன்னும் கோபமா?"

"மண்டபத்துல நிக்கிறது கடையில வாங்கின புது இரும்பு. உப்புத் தண்ணியும் எலுமிச்சம்பழமும் தேய்ச்சு அஞ்சு நாள் வெயில்ல போட்டேன்."

"அப்போ பழசு?"

"நீங்க திருப்பி அனுப்பினதுதான். இருந்ததே அந்த ஒரு கிரேன். மனசு விட்டுப்போச்சு, போற வழியில பள்ளிக்கூடத்துல இறக்கிட்டேன். காத்துல கூரை பறந்து பிள்ளைங்க வெயில்ல உட்கார்ந்திருந்துச்சுங்க. அன்னைக்கே சிமெண்ட் போட்டு நட்டுட்டாங்க. அப்புறம்தான் உங்க போன் வருது. நட்டதைப் பிடுங்கவா சொல்றீங்க?"

"என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே மாஸ்டர்!"

"சொன்னேனே மேடம், லாரிகிட்ட நின்னு." அவர் கையைக் கழுவிக்கொண்டார். "ஏமாத்துக்காரன்னு பேர் வந்துடக் கூடாதுன்னுதான் ஏமாத்தினேன். இருபது வருஷத்துல இதுதான் முதல் தடவை."

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. தூண்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நிழலில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தன. ஜிஃபா ஒரு தூணில் கை வைத்தாள். வழவழவென்றிருந்தது. ஒரு நேர்மையான மனுஷனைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து ஓர் ஆசிரியை வந்தாள்.

"புதுசுன்னு நினைச்சீங்களா? பழைய கிரேன் இரும்பும்மா இது!"

"எப்படித் தெரியும்? நம்பர் ஏதாவது இருந்துதா?"

ஆசிரியைக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"ஃபுசேனி மாஸ்டர் சொன்னாரே!"