இழையை விட்ட நேரம்

கருவிலிருந்த ஒரு குழந்தையின் மூளைக்குள், அடியாழத்தில், ஒரு நரம்பணு பிறந்தது. அது குடியேற வேண்டிய இடம் மேலே இருந்தது. வழி தெரியாமல் தவித்த அதனிடம், "என்னைக் கட்டிக்கொண்டு ஏறு" என்றது ஒரு நீண்ட இழை.

வழியெல்லாம் முன்னால் பிறந்த அணுக்கள் குடியிருந்தன. "இங்கேயே ஒண்டிக்கொள்ளேன் தங்கச்சி" என்று ஒன்று நகர்ந்து இடம் கொடுத்தது. களைத்துப் போயிருந்த நரம்பணுவுக்கும் ஆசைதான். ஆனால் உச்சியிலிருந்து கசிந்து வந்த ஒரு புரதம் அதைத் தொட்டு, மேலே வா என்றது. நரம்பணு மறுபடி ஏறியது.

உச்சிக்கு அருகே அந்தப் புரதம் அடர்ந்து சூழ்ந்தது. அதை அனுப்பிக்கொண்டிருந்த அணு சொன்னது: "வந்துவிட்டாய். இனி இழையை விட்டுவிடு."

"விட்டால் விழுந்துவிடுவேனே."

"விடாவிட்டால் உனக்குப் பின்னால் வருகிறவர்கள் எப்படி ஏறுவார்கள்?"

நரம்பணு கீழே பார்த்தது. அதே இழையில் இன்னொன்று மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. நரம்பணு கண்ணை மூடிக்கொண்டு பிடியை விட்டது. விழவில்லை. இரு பக்கமும் இருந்தவர்கள் தோள் கொடுத்துத் தாங்கினார்கள்.

நிலைகொண்டதும், தன்னை அழைத்த அணுவிடம் கேட்டது: "உங்கள் வீடு எது அக்கா?"

"எனக்கு இங்கே வீடு கிடையாது கண்ணு. எல்லாரும் வந்து சேர்ந்ததும் நான் கரைந்துவிடுவேன்."

சொல்லிவிட்டு, அக்கா அடுத்ததை அழைக்கத் தொடங்கினாள்.