மார்கழி வரை

போர்வையால் சுற்றிக் கயிற்றால் கட்டியதை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். பக்கத்து வளவுக்குப் போக வேலியில் இரண்டு ஓலையைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

“தலைப்பக்கத்தை நிமித்திப் பிடியடி சிவராணி. சரிச்சால் எல்லாம் போச்சு,” என்றாள் றஞ்சிதம்.

உள்ளே கட்டிலில் கிடந்த அவள் புருஷன் எமிலியானுஸ் எட்டிப் பார்த்தான். “என்னைக் கொண்டுபோறதுக்கு இப்பவே பழகிறியளோ?”

“பேசாமக் கிடங்கோப்பா. மிஸ் கோயிலடிக்கு வந்திட்டாவாம்.”

போர்வைக்குள் இருந்தது ஒரு சின்னப் பிரிட்ஜ். சர்க்கரை வருத்தத்தில் எமிலியானுஸின் ஒரு கால் போன பிறகு, ஊசிமருந்து வைக்கவென்று பங்குச் சுவாமி யாரிடமோ கேட்டு வாங்கிக் கொடுத்த பழையது. ஆனால் அதே ஊரில் மில்ரன் வீட்டுக்கு, ஏழைகளுக்கான அரசாங்க உதவிக் கொடுப்பனவு நின்றதே ஒரு பிரிட்ஜால்தான் என்று ஊரெல்லாம் கதை. அதிலிருந்து, வீடு பார்க்கும் உத்தியோகத்தர் கீர்த்திகா மிஸ் வருகிறார் என்றால் அந்தக் கரையில் ரீவியும் பிரிட்ஜும் வீடு மாறும்.

எமிலியானுஸ் கடலுக்குப் போய்க் கனகாலம். கருவாட்டு வாடியில் றஞ்சிதம் மீன் வெட்டிக் கிடைப்பது சோற்றுக்கே இழுபறி. கொடுப்பனவு நின்றால் அவனுடைய மருந்தும் நிற்கும்.

சிவராணியின் ஒற்றை அறைக்குள் அதை இறக்கினார்கள். அறையில் வேறு பொருள் என்று ஒரு பாயும் இரண்டு சட்டியும்தான். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவள், புருஷன் இல்லை, வயல்களுக்குக் கூலிக்குப் போகிறவள்.

“கேட்டா நா என்னக்கா சொல்றது?”

“உன்னை ஆர் கேக்கப்போகினம்? உன்ர வீடு போன மாசமே பாத்து முடிஞ்சுது. கேட்டால் என்னத்தையாவது சொல்லு.”

அவ்வளவுதான் பேச்சு. குழாயடிச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் இருவரும் முகம் பார்த்தார்கள். “மலையிலயிருந்து பிழைக்க வந்தனீ, எங்களுக்குக் கதை சொல்லாதை,” என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கத்தியவள் றஞ்சிதம். வேறு வழி இருந்திருந்தால் இந்த வேலியைப் பிரித்திருக்கமாட்டாள்.

ஓலையைச் சரிசெய்துவிட்டு றஞ்சிதம் நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். கீர்த்திகா மிஸ் அவளுடைய படலையைத் தாண்டி நேரே சிவராணியின் வளவுக்குள் போனாள்.

“இந்தக் காசு எப்பவும் வந்துகொண்டிராதம்மா,” மிஸ்ஸின் குரல் வேலிக்கு இப்பால் தெளிவாகக் கேட்டது. “மார்கழியோட முடியுது. முந்திப் பாத்த வீடுகளுக்கும் சொல்லிக்கொண்டு வாறன். அதுக்குப் பிறகு, உண்மையாவே ஏலாத ஆக்களுக்கு மட்டும்தான் நீடிப்பினம். உள்ளுக்கு வரட்டே?”

பிறகு குரல்கள் தணிந்தன. மிஸ் ஏதோ கேட்டாள். சிவராணி ஏதோ சொன்னாள். மிஸ் திரும்பவும் கேட்டாள்.

றஞ்சிதம் வியர்த்துப்போய் உள்ளே வந்தாள். “போட்டுக் குடுக்கிறாள். ஒரு சொல்லுச் சொன்னதுக்கு இவ்வளவு நாளும் காத்திருந்தவள்.”

“ஒரு சொல்லே?” என்றான் எமிலியானுஸ். “அண்டைக்கு நீ பேசினதை நான் கட்டிலில கிடந்தே கேட்டனான்.”

மிஸ் வந்தபோது முகம் நன்றாக இல்லை. றஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட்டும் மிஸ் அதில் அமரவில்லை. சுவரோரம் சீமெந்துத் தரையில் ஒரு சதுரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. றஞ்சிதம் அதன் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

மார்கழிக் கதையை மிஸ் மறுபடி சொன்னாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நின்ற றஞ்சிதத்துக்கு ஒரு கட்டத்தில் பொறுக்க முடியவில்லை.

“மிஸ், பக்கத்து வீட்டில அவள் சொன்னது…”

“அதை விடுங்கோ.” மிஸ் கையால் மறித்தாள். கட்டிலைப் பார்த்தாள், வெறும் வீட்டைப் பார்த்தாள். “நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை அக்கா. பாக்கத் தெரியுது. உங்களுக்குக் கட்டாயம் நீடிக்கச் சொல்லி எழுதுறன்.”

“மடு மாதாவே!” றஞ்சிதம் சிலுவை போட்டாள். சிவராணி சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

மிஸ் படலையடியில் குடையை விரித்தபோதுதான் றஞ்சிதத்துக்கு வாய் வந்தது.

“மிஸ், சிவராணிக்கும் நீடிப்பியள்தானே?”

“இல்லை. அவவுக்கு மார்கழியோட சரி.”

“ஐயோ, ஏன் மிஸ்? அவள் ஒண்டுமில்லாதவள்!”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அக்கா. ஒளிச்சு வச்சிருந்திருக்கிறா.” மிஸ் கசப்பாகச் சிரித்தாள். “பிரிட்ஜ் ஆருடையது எண்டு ரெண்டு தரம் கேட்டன். தன்ரதுதானாம்.”