யாருடைய இடுப்பு

“தண்ணி எவ்வளவு? கணுக்காலா, முட்டியா, இடுப்பா?”

கேட்டுவிட்டு, பேனாவை நாலாவது கட்டத்தின் மேல் வைத்துக் காத்திருந்தான்.

கழுத்து என்றார் மறுமுனையில் இருந்தவர்.

கழுத்து என்று எழுதினான். எழுத்து அழகாக விழுந்தது.

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் ஆறு தொலைபேசிகள். மழை நின்று நான்காவது நாள். காலை பதினோரு மணி. ஓர் அழைப்புக்கு ஒன்றரை நிமிடம். பெயர், தெரு, அடையாளம், தண்ணீரின் அளவு, ஆட்கள். எழுதிய தாள் அடுத்த அறைக்குப் போனால் படகு கிளம்பும்.

முதல் நாள் ஒவ்வொரு தாளையும் அவனே ஓடிப்போய்க் கொடுத்தான்.

இரண்டாம் நாள் நடந்து போனான்.

மூன்றாம் நாளிலிருந்து, அந்தப் பக்கம் போகிறவரிடம் உட்கார்ந்தபடியே நீட்டுகிறான்.

நேற்று ஒருவர், இறந்துபோன அண்ணனைப் பீரோ மேல் கிடத்தியிருப்பதாகச் சொன்னார். எழுதிக்கொண்டான். பிறகு எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தான். ஊறுகாய் வைக்கவில்லையே என்று தோன்றியது.

அது மட்டும்தான் தோன்றியது.

பக்கத்து மேசை சுப்புக்கனி அக்கா அவ்வப்போது எழுந்து வராந்தாவுக்குப் போவார். முகம் கழுவித் திரும்புவார். கண் சிவந்திருக்கும். அவருக்கு அழ முடிகிறது என்று நினைத்துக்கொள்வான்.

“தம்பி, நீ என்ன ரயில்வே கவுண்டர்லயா உக்காந்திருக்க?” என்று காலையில் கேட்டார் அக்கா.

சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

வீட்டுக்கு இரண்டு நாளாக லைன் கிடைக்கவில்லை. தெருவில் தண்ணீர் ஏறியது தெரியும். மனைவியும் மகளும் உள்ளே இருப்பது தெரியும். திரும்பத் திரும்ப முயன்றதில் செல்போனில் சார்ஜ் தீர்ந்தது. டிராயரில் போட்டு மூடினான்.

பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, மகள் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தான். முகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் இப்படியே இருந்துவிட்டால்?

அந்தக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடலாம் போலிருந்தது.

மணி அடித்தது.

“கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க.”

ஒரே இரைச்சல். அதற்கு அடியில் தொண்டை கட்டிய ஒரு பெண் குரல்.

“ஏங்க, நான்தான்.”

எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அவனுக்குத் தங்களைத் தெரியும் என்பதுபோல.

“பேரு சொல்லுங்கம்மா.”



“எம் பேரா? ஜெபராணி.”

எழுதினான்.

“தெரு?”

“மிளகாய்க் கிட்டங்கித் தெரு.”

“அடையாளம்?”

“பழைய ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி. பச்சைக் கேட்டு.”

“தண்ணி எவ்வளவு?”

“நேத்து இடுப்பளவு. இப்ப வடிஞ்சிட்டு. கணுக்கால்தான்.”

“யாரு இடுப்பு?”

இந்தக் கேள்வி படிவத்தில் கிடையாது. அவனாகச் சேர்த்தது. முதல் நாள், இடுப்பளவு என்று போனில் பதறியது ஏழு வயதுப் பிள்ளை. படகு போய்த் தரை தட்டி நின்றது. அன்றிலிருந்து யாருடைய இடுப்பு என்று கேட்கிறான். உயரமும் கேட்கிறான்.

“என் இடுப்புதான்.”

“உங்க உயரம் எவ்வளவும்மா?”

“உங்க தோளுக்கு வருவேன்.”

‘உங்க தோ’ வரை எழுதிவிட்டான்.

பேனா நின்றது.

தாளை மேலிருந்து படித்தான். ஜெபராணி என்று அவன் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே அவன் வீட்டு விலாசம்.

“ஜெபா.”

“பரவால்லையே. பேரச் சொன்னேன், தெருவச் சொன்னேன், கேட்டு கலரு வரைக்கும் சொல்லிட்டேன். கவர்மெண்டு எழுதிக்கிட்டேல்லா இருக்கு.”

“பாப்பா?”

“மேல் வீட்டு டீச்சர்கிட்ட இருக்கா. ரெண்டு நாளா அவுக மாடிலதான் கெடந்தோம். ஒண்ணும் ஆகல. டவரு இப்பத்தான் வந்துச்சு. உங்க செல்லு ஆஃப்ல இருக்கு. அதான் இதுக்குப் போட்டேன்.”

மற்ற தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றரை நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

சுப்புக்கனி அக்கா திரும்பினார். அவன் முகத்தைப் பார்த்தார். அவன் மேசையிலிருந்த வெற்றுப் படிவங்களை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“வச்சிரவா?” என்றாள் ஜெபராணி. “மாடில நின்னு எத்தன பேரு இந்த நம்பரப் போட்டுக்கிட்டு இருப்பாவளோ.”

“வைக்காத. இன்னும் ஒரு கேள்வி இருக்கு.”

“கேளுங்க.”

படிவத்தில் கேள்விகள் முடிந்திருந்தன.

“பயமா இருந்துச்சா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ வாளியில் தண்ணீரை அள்ளி வாசலுக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கு?” என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். தாடை தன்னால் ஆடியது. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அந்த நடுக்கம் அவனுக்குப் பிடித்திருந்தது.

“இப்பத்தான் வருது.”

“வரட்டும்,” என்றாள்.