விற்க மறுத்த ஆம்ப்ளிஃபயர்

"இந்த ஆம்ப்ளிஃபயரை உங்களுக்கு விக்க மாட்டேன் சார்."

விற்பனைப் பெண் ஒகினோ சொன்னதைக் கேட்டு, டோக்கியோ அகிஹபாராவின் அந்த ஆடியோ கடையில் இயர்ஃபோனைக் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாங்க வந்த இவாசே, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார்.

"ஏங்க, நாலு நாளா இந்த இயர்ஃபோன்ல இடது பக்கம் சத்தமே எடுபடல. போன் தர்ற பவர் பத்தாது, தனியா ஆம்ப்ளிஃபயர் வேணும்னு நெட்ல அத்தனை பேரும் எழுதறாங்களே!"

"காதுக்குள்ள வைக்கிற இந்தப் பொடிசுக்கு உங்க போனே தாராளம் சார். இடதை வலதுலயும் வலதை இடதுலயும் மாத்தி மாட்டிப் பாருங்க."

மாட்டினார்.

"இப்பவும் இடது பக்கம்தான் கம்மி. பாத்தீங்களா? பவர்தான் பிரச்னை."

ஒகினோ ஆம்ப்ளிஃபயரை எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இவாசேயின் முகம் சிவந்தது. மேனேஜர் தோகாவா ஓடிவந்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். நானே பில் போடறேன்."

"வேண்டாம் மேனேஜர்!"

குறுக்கே புகுந்த ஒகினோ, இவாசேயின் வலது பக்கமாகப் போய் நின்று, தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

"எங்கே அனுப்பினே?" பல்லைக் கடித்தார் தோகாவா.

"பக்கத்துத் தெருவுக்கு."

"ஓ! அங்கே இருக்கிற கடையில உனக்கு எவ்வளவு கமிஷன்?"

"அது அவரோட சொந்த விஷயம். நான் சொல்றது முறையில்ல, மேனேஜர்."

"அப்படியா? நாளைலேருந்து கவுண்டர் பக்கமே வராதே. குடோன்ல பெட்டி அடுக்கு!"

பன்னிரண்டு நாள் பெட்டி அடுக்கினாள் ஒகினோ.

பதின்மூன்றாம் நாள் இவாசே வந்தார். தனியாக இல்லை. பின்னால் சீருடையில் முப்பது பிள்ளைகள். முன்னால் நின்ற பெண்ணின் கையில் பெரிய வெள்ளிக் கோப்பை.

தோகாவா ஓடிவந்தார். மறுபடி குனிந்தார்.

"அந்தப் பொண்ணை அன்னைக்கே கவுண்டரை விட்டுத் தூக்கிட்டேன் சார்!"

"கூப்பிடுங்க அவங்களை."

உடுப்பெல்லாம் தூசியோடு ஒகினோ வந்து நின்றாள். இவாசே கையை உயர்த்தினார். முப்பது தலைகளும் ஒன்றாகத் தாழ்ந்தன.

"ரொம்ப நன்றி!"

ஒரே குரல். கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"பாட்டுப் போட்டியில நாங்கதான் முதல்!" கோப்பைக்காரி துள்ளினாள். "வாத்தியாருக்கு இப்ப யார் சுருதி கொஞ்சம் பிசகினாலும் கேட்டுடுது!"

தோகாவா ஒன்றும் புரியாமல் விழித்தார். "பக்கத்துத் தெருக் கடை ஆம்ப்ளிஃபயர் அவ்வளவு நல்லாவா இருக்கு சார்?"

இவாசே வாய்விட்டுச் சிரித்தார்.

"மாத்தி மாட்டியும் இடது பக்கமே கம்மின்னா, இயர்ஃபோன்ல ஒரு குறையும் இல்லீங்க, செத்துக்கிட்டிருந்தது என் இடது காது. அன்னைக்கே போனதால பிழைச்சுது. இவங்க என்னை அனுப்பினது கடைக்கு இல்ல, காது டாக்டர்கிட்ட!"