கேசட்டில் இருக்கிற வேகம்

தனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று குகனுக்கே சந்தேகம். முப்பது வருஷத்தில் எதுவும் நிறம் மாறிவிடும். ஆனால் அண்ணன் ஹரிதாஸின் குரல் கேசட்டில் கேட்கிற அளவுக்கு மெல்லியது இல்லை என்பதில் மட்டும் அவன் பிடிவாதமாக இருந்தான்.

மலைமேல் கியா பார்ம் சந்தையில் அண்ணி சுபத்ராவின் ஸ்ட்ராபெரிக் கடை முன்னால் லோரியை ஓரங்கட்டியபோது மணி மூன்றரை. ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதிலுக்குக் காத்திருப்பவன் சசிதரன். கோலாலம்பூரில் பழைய கேசட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவன். ஈப்போவின் பழைய சாமான் சந்தையில் ஹரிதாஸின் கேசட் ஒன்று அவன் கையில் சிக்கியது. 1993-ல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பதிவு செய்த எட்டுப் பாட்டு. பாடி, கிட்டாரும் வாசித்தது ஹரிதாஸ். பேஸ் கிட்டார் ரிங்லெட் ஊர்க்காரர் ஜப்பார். டிரம்ஸ் குகன். அப்போது முப்பது கேசட்கூட விற்கவில்லை.

இப்போது ஒசாகாவில் ஒரு சின்னக் கம்பெனி அதை இசைத்தட்டாகப் போடுகிறது. இந்த வகைக்குப் பவர் பாப் என்று பெயராம். கிட்டார் உரக்க ஒலிக்கும், மெட்டு இனிக்கும், மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். தாங்கள் வாசித்ததற்கு ஒரு பெயர் உண்டென்பதே குகனுக்குப் போன மாதம்தான் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல். வேகம்.

அந்தக் காலத்தில் லயத்துக்குக் கரண்ட் வந்தது தேயிலை ஆலையின் ஜெனரேட்டரிலிருந்து. ஆலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் லயத்து பல்புகள் மங்கிப்போகும். அப்படி ஒரு பகலில்தான் அவர்கள் பதிவு செய்தார்கள். இளைத்த கரண்டில் பதிவுப் பெட்டி மெதுவாகச் சுற்றியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. மெதுவாகப் பிடித்ததை நல்ல கரண்டில் ஓட்டினால் பாட்டு துள்ளும். குரலுக்குப் பத்து வயது குறையும்.

கேசட் நகல் எடுக்கும் கடையில் முதன்முதலாக அதைக் கேட்டபோது ஹரிதாஸ் சிரித்தான். இப்படியே இருக்கட்டும் என்றான்.

சசிதரன் இரண்டையும் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தான். கேசட்டில் இருக்கிற வேகம் ஒன்று, அன்று வாசித்த நிஜ வேகத்துக்குத் திருத்தியது ஒன்று. எது வேண்டும் என்று ஹரிதாஸின் மனைவி சொல்ல வேண்டும்.

குகன் அந்த வாரம் முழுக்கத் திருத்தியதையே கேட்டுக்கொண்டிருந்தான். அதில்தான் அண்ணன் இருந்தான். செத்து இருபது வருஷமான அண்ணன், வரிக்கு வரி மூச்சு வாங்குவதுகூட மாறாமல். அந்தக் குரலை இன்னொருமுறை தொலைக்க அவனால் முடியாது.

"என்ன தம்பி, இன்னைக்குக் கோஸ் ஏத்தலையா? மொதலாளி விரட்டிட்டாரா?" என்றாள் சுபத்ரா.

அவன் கேசட் வேகத்தைப் போட்டான். கைப்பேசியைப் பழப்பெட்டிகளின் மேல் சாய்த்து வைத்தான்.

பதிவு செய்த அன்று அவள் கொழுந்துக்காட்டில் இருந்தாள். பிறகும் அந்தக் கேசட்டை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏன் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

எட்டுப் பாட்டிலும் ஒருவன் ஒரு பெண்ணைக் கெஞ்சுகிறான். கோபிக்காதே என்கிறான், கதவைத் திற என்கிறான். சுபத்ரா பழங்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் கால் தாளம் போட்டது.

"நல்ல மனுசன் மாதிரி பாடுறாரு லா. யாரு?"

"அண்ணன்தான், அண்ணி."

"சும்மா இருங்க தம்பி." அவள் சிரித்துவிட்டாள்.

அவன் திருத்தியதைப் போட்டான். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று அவள் கைப்பேசியை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டாள்.

அடுக்கிக்கொண்டிருந்த இன்னொரு கை நின்றது.

தோள்கள் மெல்ல மேலேறின. தலை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படியே அசையாமல் நின்றாள். மேட்டிலிருந்து இறங்கிய மூடுபனி எதிர்ச்சாரிக் கடைகளை ஒவ்வொன்றாக மறைத்தது. வாங்க வந்த ஒருத்தி விலை கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்ததும் சுபத்ரா கைப்பேசியை அவனிடம் நீட்டினாள்.

"இந்த ஆளு வேணாம் தம்பி. மொதல்ல பாடுனவரே இருக்கட்டும்."

அவளுக்கு இடது காது கேட்காது. அது எந்த வருஷம் போனது என்று குகனுக்குத் தெரியும். கேசட் வெளிவந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லயத்தில் அண்ணன் வீடும் அவன் வீடும் ஒட்டினாற்போல இருந்தன, நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் அவன் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அண்ணன் அடிக்கிற சத்தம் கேட்டும் அவன் நிறுத்தவில்லை. இன்னும் ஓங்கி வாசித்தான்.

ஐந்து மணிக்குள் சசிதரனைக் கூப்பிட்டான்.

"கேசட்ல இருக்கிற மாதிரியே போடுங்க. எங்கண்ணன் அப்படித்தான் பாடுவாரு."

இசைத்தட்டு வந்தது. முந்நூறு பிரதி. கள்ளமே இல்லாத குரல் என்று ஜப்பானில் யாரோ எழுதியதாகச் சசிதரன் சொன்னான். ஜப்பார் அதைக் கேட்பதற்குள் சர்க்கரை நோயில் போய்ச் சேர்ந்தார். சுபத்ரா அடுத்த மழைக்காலத்தோடு கடையை விட்டுவிட்டுத் தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே அவளிடம் யாரும் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. குகன் இன்னும் லோரி ஓட்டுகிறான். திருத்திய பாட்டை அவன் அழிக்கவில்லை. வண்டியில் தனியாக இருக்கும்போது அதைத்தான் கேட்கிறான்.