ஆறு மாத ஆயுள்

ஒரு பொருளால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு கேடு என்று கணக்குப் போட, கத்துக்குட்டிகளுக்கென்றே வந்திருந்த செயலி அது. அலுமினியம், ரப்பர், எடை எல்லாவற்றையும் டிசைனர் பதிந்துவிட்டான்.

"எவ்வளவு காலம் பயன்படும்னு கேக்குது மேடம்."

"ஆறு மாசம்னு போடு," என்றாள் முதலாளியம்மா.

திரை சிவந்தது.

"சிவப்பு வந்தா ஆர்டர் கைநழுவிடும் மேடம். இது அஞ்சு வருஷம் தாராளமா உழைக்கும். அப்படியே போட்டுடவா?"

"உழைக்கும்ப்பா. ஆனா ஆறு மாசத்துல தூக்கிப் போட்டாதான் எனக்குச் சந்தோஷம்."

"வாங்குறவங்களுக்கு?"

"என்னைவிடச் சந்தோஷம்!"

இந்த அம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவன் பெருமூச்சு விட்டான்.

கதவு திறந்தது. கால் அறுவைசிகிச்சைக்குப் பின் நடந்து பழக, இவர்கள் சோதனைக்குக் கொடுத்திருந்த குட்டி அலுமினிய வாக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒரு சிறுமி தானாகவே நடந்து வந்தாள்.

"ஆறு மாசம் ஆகும்னாங்க. நாலே மாசத்துல தூக்கிப் போட்டுட்டா!" என்றார் பின்னால் வந்த அப்பா, கண்ணைத் துடைத்தபடி.

"போடலப்பா. வேற பாப்பாவுக்குக் கொடுக்க வந்தேன்."

டிசைனர் திரையைப் பார்த்தான். 'பயன்படுத்திய பின்?' என்ற இடத்தில் தான் போட்டிருந்த 'குப்பை'யை அழித்து, 'மறுபயன்பாடு' என்று மாற்றினான். திரை பச்சையானது.

"மேடம், அந்த ஆறு மாசத்தை நாலாக்கிடவா?"